திறக்காத பால்மாவு டின்கள்

போன சனிக்கிழமை நம் புளோக்கின் கீழே நடந்த இலவச உடல் பரிசோதனையில் நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிட்டீர்கள். ஊசிக்குப் பயந்துவிட்டேன் என்று ஒருவர். சர்க்கரை ஏறியிருக்கிறது, மறைக்கிறேன் என்று இன்னொருவர். "அந்தம்மாவுக்கு எப்பவுமே ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது லா" என்று மூன்றாமவர் சொன்னதாகக் கேள்வி. மூன்றாமவர் சொன்னது மட்டும் உண்மை. மற்ற இரண்டும் அபாண்டம்.

நடந்தது இதுதான். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் அந்தச் சின்னப்பெண் நர்ஸ், ரத்த அழுத்தம் பார்த்து முடித்துவிட்டு, குனிந்து என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். குழி விழுந்திருந்தது. அவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் ஏறித் தேக்கா வரை போய், சிராங்கூன் ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வாங்காமல் பாசிர் ரிஸ் திரும்பினேன்.

கேட்டுவிட்டீர்கள், எழுதியே சொல்லிவிடுகிறேன். நீங்களும் கம்பத்தில், அந்தக் காலத்துத் தகரக் கூரைக் கிராமத்தில், பிறந்து வளர்ந்தவர்கள், உங்களுக்குப் புரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "ஏன், யாரும் போன்ல தேடிப் பாக்கலையா?" என்று கேட்கும்.

இப்போது நாம் லிஃப்டில் ஏறி இறங்கும் இந்த இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் கம்பம் இருந்தது. அழகாக இருந்தது என்று சொல்லப் போவதில்லை. மழை பெய்தால் கக்கூஸ் குழி பொங்கி, கோழிகள் அதில் நடந்து வந்து அடுப்படியில் ஏறும். கடல்காற்றில் தகரக் கூரை துருப்பிடித்து, ஈரத்துணியில் எல்லாம் செம்மண் நிறக் கறை விழும். அப்பா மணல் குவாரியில் வேலை செய்தார். வீட்டில் அப்பா, அம்மா, ஒன்பது வயது நான், ஒரு வயதைத் தாண்டிய தம்பி. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை இருந்தாள். அவள் ஒரு வயது முடியும் முன்பே பேதியில் போய்விட்டாள். அம்மா அவள் பெயரைச் சொல்லமாட்டாள். விளக்கேற்றும்போது மட்டும் ஒரு நிமிஷம் அதிகமாக நிற்பாள்.

எங்கள் பக்கத்தில் டாக்டர் கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கே ஒரு மைல் நடக்க வேண்டும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மளிகைக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு ஒரு வேன் வரும். ஒரு டிரைவர், ஒரு மிஸ்ஸி. நர்ஸை எல்லாம் நாம் அப்போது மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம்? அவர் சீனப் பெண்மணி. நெஞ்சில் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். வேன் கதவைத் திறந்ததும் டெட்டால் வாசனையும் மீனெண்ணெய் வாசனையும் ஒன்றாக வரும். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு கரண்டி மீனெண்ணெய் ஊற்றுவார். துப்பினால் இன்னொரு கரண்டி.

கைக்குழந்தைகளுக்குத் தராசு. வட்டமான முகம், பெரிய முள், கீழே ஒரு பிரம்புக் கூடை. குழந்தையைக் கூடையில் வைத்ததும் முள் நடுங்கி நடுங்கி நிற்கும். மிஸ்ஸி அதைப் பார்த்து ரோஸ் அட்டையில் எழுதுவார். கம்பத்துப் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளைத்தான் பார்ப்பார்கள்.

மிஸ்ஸிக்கு மலாயும் இங்கிலீஷும் வரும். அம்மாவுக்குத் தமிழும், சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாயும் வரும். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஆகவே நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சேர்க்கிற வேலை எனக்கு. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஒரு காலில் நின்றுகொண்டு, மறு காலை ஆட்டிக்கொண்டு, பெரிய மனுஷி போலப் பேசுவேன்.

அந்த வருஷத் தொடக்கத்தில் அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். வயிற்றில் ஒன்று இருக்கும்போது மடியில் இருப்பதற்குப் பால் கொடுக்கக் கூடாது, அது விஷம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். தம்பி மூன்று நாள் கத்தினான். நான்காம் நாள் கஞ்சி குடித்தான். அடுத்த முறை முள் முன்பைவிடக் கீழே நின்றது.

மிஸ்ஸி வேனுக்குள் போய் இரண்டு டின் பால்மாவு கொண்டுவந்து வைத்தார். வெள்ளைத் தகரம், படம் கிடையாது. ஒரு வேளைக்கு நான்கு கரண்டி, தலை தட்டி, கொதித்து ஆறிய தண்ணீரில் என்று எனக்குச் செய்து காட்டினார். நான் அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அம்மாவும் ஒழுங்காகத்தான் கரைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு டின்னும் தீர்ந்தன. தம்பி கொஞ்சம் தேறினான். அப்படியே விட்டிருந்தால் இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. அம்மா தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலுமாக இரண்டு பஸ் மாறித் தேக்காவுக்குப் பக்கத்துத் தமிழ் மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனாள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எல்லாரும் போன பிறகும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிலேயே இருந்தாள். எனக்கு முழங்கால் வலித்தது, எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். தவக்காலம் முடிகிறவரை தானும் தன் மகனும் சுத்தபோசனம். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இரண்டு பேர் வாயிலும் படாது. மகளை எடுத்துக்கொண்டாய், மகனை விட்டுவிடு.

பெரியவர்கள் தவக்காலத்தில் கறி விடுவார்கள், வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கைக்குழந்தைக்குச் சுத்தபோசனம் என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சாமியார் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். அது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

வெளியே வந்து என்னை நிறுத்தினாள்.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்கப்பாகிட்டகூட. வேண்டுதலை வெளிய சொன்னா முறிஞ்சிடும். முறிஞ்சா இவனும் இவன் அக்கா போன வழியிலயே போயிடுவான். புரியுதா?"

புரிந்தது. ஒன்பது வயதில் அப்படிப்பட்ட விஷயங்கள்தான் நன்றாகப் புரியும். நான் வாய் திறந்தால் தம்பி செத்துப்போவான். பஸ்ஸில் வீடு வரை கையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வேன் வந்தது, மிஸ்ஸி இரண்டு டின் கொடுத்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வந்து, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்து, ஒரு பூப்போட்ட துணியால் மூடினாள். ஈஸ்டர் அன்று மாதா முன்னாலேயே திறந்து தம்பிக்குக் கொடுப்பாளாம். "நாப்பது நாள்தானே" என்றாள். இப்போதுகூட யாராவது "கொஞ்ச நாள்தானே" என்றால் எனக்கு எரிச்சல் வரும்.

தம்பிக்குக் கஞ்சி. ஜவ்வரிசிக் கூழ், நிறையச் சீனி. மரவள்ளிக்கிழங்கு மசித்து. வயிறு நிறையத்தான் கொடுத்தாள், குறை சொல்ல முடியாது. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். அப்பா மட்டும் குவாரிப் பக்கம் மீன் வறுவல் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவார். அவர் சட்டையை மோந்து பார்த்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறும்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, எங்களுக்கு மக்சிக், அத்தை மாதிரி. அம்மாவைவிட வயதில் மூத்தவர், அம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே தோழி. ஒரு நாள் அவித்த முட்டையை உரித்து, பாதியைத் தம்பி வாயில் வைத்துவிட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சப்பினான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அவன் வாய்க்குள் விரலை விட்டு, கடைசித் துணுக்கு வரை தோண்டி எடுத்துப் போட்டாள். தம்பி அழவில்லை. மக்சிக்தான் அழுதார். தன் வீட்டுச் சாப்பாடு அசுத்தம் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அம்மா காரணம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டுதல் முறிந்துவிடுமே.

இரண்டாவது வியாழன் முள் கொஞ்சம் மேலே போனது. மறுபடி இரண்டு டின். அடுத்த இரண்டு வாரத்தில் தம்பி ஆளே மாறிவிட்டான். கன்னம் உப்பியது. கை கால் எல்லாம் திரண்டது. கடைக்குப் போனால் பெண்கள் அவன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். தலைமுடி கறுப்பு மாறிச் செம்பட்டையானது. "ஐயோ, வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி இருக்கான்" என்றார்கள். எதற்கும் அழுவதில்லை, வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான், பந்தை உருட்டிவிட்டால் அது போவதையே பார்த்துக்கொண்டிருப்பான். "என்னா சமத்து! அவன் அக்கா ஒரு நிமிஷம் உக்காருறாளா பாரு" என்று என் தலையில் ஒரு குட்டு. குண்டு, அழகு, சமத்து. மூன்றும் வியாதி, பால் முட்டைச் சத்து இல்லாமல் உடம்பில் நீர் கோத்துக்கொள்வது. அந்தக் கொட்டகையில் நின்ற ஒருவருக்கும் அது தெரியவில்லை. அம்மா மாதா படத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தங்கை போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் ஒரு விளையாட்டு கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சும்மா உட்கார முடியாத எனக்கு அது தண்டனை. ஒரு நாள் அவன் புறங்காலில் விரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். என் காலில் அழுத்தினேன், உடனே மறைந்தது. அவன் காலில் மட்டும் நின்றது. எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் நிரம்பியது. அடுத்த வாரம் ஏழு. பிறகு பதினொன்று. வரிசையாக ஐந்து குழி போட்டு, முதல் குழி மறைவதற்குள் கடைசிக் குழியைப் போட முடிகிறதா என்று எனக்குள்ளே பந்தயம் கட்டுவேன். தம்பி என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இதை இப்போது எழுதும்போது நடுவில் எழுந்து இரண்டு தடவை காரிடாரில் நடந்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வியாழன் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. மிஸ்ஸிக்கு முகமெல்லாம் பூரிப்பு. தம்பி காலில் கோவில் அக்கா ஒருத்தி பின்னிக் கொடுத்த வெள்ளைக் கம்பளிச் சாக்ஸ். அதை அம்மா வெளியே போகும்போதெல்லாம் போட்டுவிடுவாள், தராசில் வைக்கும்போதுகூட கழற்றமாட்டாள். கம்பளிக்கு என்ன எடை இருக்கப் போகிறது என்று மிஸ்ஸியும் விட்டுவிட்டார்.

"சூசு காசி?" என்று கேட்டார். பால் கொடுக்கிறீர்களா?

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒரு காலில் நின்றுகொண்டு, "யெஸ் மிஸ்ஸி. ஃபோர் ஸ்பூன்ஸ்" என்றேன். தலை தட்டி என்பதற்குக் கையால் செய்தும் காட்டினேன். மிஸ்ஸி என் கன்னத்தைத் தட்டினார். அடுத்த முறையும் இப்படியே ஏறினால் இனி டின்னை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி, கடைசியாக இரண்டு தந்தார். பூப்போட்ட துணிக்கு அடியில் ஆறு டின் ஆயிற்று.

அடுத்த வேன் வந்தது பெரிய வியாழனன்று. ஈஸ்டருக்கு மூன்று நாள் இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

"நீ கூட்டிட்டுப் போ. எனக்கு மயக்கமா வருது."

அதுவரை அவள் ஒரு வியாழனும் தவறியதில்லை. தம்பி கனத்தான். கன்னம் மினுமினுவென்று இருந்தது, தொடையில் தோல் உரிந்து வந்தது. காலைப் பார்த்தேன்.

"சாக்ஸ் எங்கம்மா?"

"வெயில்ல என்னாத்துக்கு? வேணாம், போ."

கொட்டகையில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் எட்டு ஒன்பது பேர். பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தம்பியை மடி மாற்றினேன். பொழுது போகவில்லை. வெறும் கால் கண்முன்னே இருந்தது. அழுத்தினேன். வரிசையாக மூன்று குழி. எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றைத் தாண்டிப் பதினைந்து. இருபது. குழி அப்படியே இருந்தது. "டுவென்டி ஒன், டுவென்டி டூ" என்று சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நிமிர்ந்தால் எதிரே மிஸ்ஸி.

அவர் குனிந்து தன் கட்டைவிரலை அவன் காலில் வைத்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே. பிறகு கண் இமையை விலக்கிப் பார்த்தார். தலைமுடியைப் பிடித்து லேசாக இழுத்தார். ஒரு கொத்து அவர் கையோடு வந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது.

"அம்மா எங்கே?"

"வீட்டில்."

"எத்தனை நாளாக இந்தக் குழி?"

"ரொம்ப நாளாக. இது கேம், மிஸ்ஸி."

"பால் கொடுக்கிறீர்களா? உண்மையைச் சொல்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் தம்பி செத்துப்போவான். அம்மா சொல்லியிருக்கிறாள், மாதா கேட்டிருக்கிறாள். ஆனால் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தால் சொல்லாவிட்டாலும் செத்துப்போவான் போலிருந்தது. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வாயால் சொன்னால்தானே முறியும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மிஸ்ஸியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தார். வீட்டுக்குள் நுழைந்து, மாதா படத்துக்குக் கீழே இருந்த துணியை உருவினேன். ஆறு டின். ஒன்றும் திறக்கவில்லை.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மயக்கம் வந்தவள் போல எனக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து என்னைப் பளாரென்று அறைந்தாள். பிறகு அந்த டின்களின் முன்னால் விழுந்து கத்தி அழுதாள். "முறிச்சிட்டியேடி! மூணே மூணு நாள்! படுபாவி, முறிச்சிட்டியே!"

மிஸ்ஸிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என்னிடம் திரும்பினார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாலா சாயா" என்றார். தப்பு என்னுடையது. முள்ளைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. அதை அவர் மலாயில் சொன்னதால் அம்மாவுக்கும் புரிந்திருக்கும். அம்மாவையும் தம்பியையும் வேனில் ஏற்றிக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தராசு கொட்டகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பிள்ளைகள் அதில் தேங்காயை எல்லாம் வைத்து எடை பார்த்தோம்.

தம்பி பிழைத்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். வீக்கம் வடிந்துவிட்டதல்லவா? "கொழுகொழுன்னு இருந்த பிள்ளையை இப்படி ஆக்கி அனுப்பிட்டாங்களே" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவன் வந்த அன்றே பந்துக்காக என்னோடு சண்டை போட்டு, என் கையைக் கடித்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதான். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஆறு டின்னையும் அப்பா ஒவ்வொன்றாகத் திறந்து, தானே நின்று தலை தட்டிக் கரைத்துக் கொடுத்தார். முட்டையோடு மக்சிக்கும் திரும்ப வந்தார்.

வயிற்றில் இருந்த பிள்ளை நிற்கவில்லை. எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அம்மா பாயில் படுத்தபடி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வாக்கு முறிஞ்ச வீட்டுல பிள்ளை எப்படித் தங்கும்?" என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னாள். நான் கதவருகே நின்றிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எனக்குச் சோறு போட்டாள், படிக்க வைத்தாள், நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். என்னிடம் ஒரு ரகசியம் மட்டும் சொன்னதில்லை. வீட்டில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் நுழைந்தால் நிறுத்திவிடுவாள். விளையாட்டாக மற்றவர்கள், "அக்கா வாயில எதுவும் நிக்காது" என்பார்கள். அம்மா சிரிக்கமாட்டாள்.

தம்பியை உங்களுக்குத் தெரியும். டாக்சி ஓட்டுகிறானே, முட்டை புரோட்டா இரண்டு தின்றால்தான் வண்டி எடுப்பேன் என்பவன். அவனுக்கு இதில் ஒன்றும் நினைவில்லை. "சின்ன வயசுல எனக்கு ஏதோ வீக்கமாம்" என்பான், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தொண்ணூறை நெருங்கிவிட்டாள், இதயம் களைத்துவிட்டது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. பகல் நேரம். தம்பி கீழே கோப்பி வாங்கப் போயிருந்தான். "சாக்ஸ் இறுக்குது" என்றாள். கழற்றிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, கை தானாகப் போய் அவள் புறங்காலில் அழுத்தியது. குழி விழுந்தது. மனசுக்குள் எண்ணினேன்.

"இன்னும் எண்ணுறியா?" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது. கண்ணை மூடியிருக்கிறாள், தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தேன்.

"தம்பி கால்ல நீ விளையாடுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ பள்ளிக்கூடம் போனதும் நானும் அழுத்திப் பாப்பேன். நீ பதினொண்ணு வரைக்கும் எண்ணுவே. நான் முப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"சும்மா எங்க இருந்தேன்? அன்னைக்குச் சாக்ஸைக் கழட்டிட்டுத்தானே அனுப்புனேன்."

நான் கையிலிருந்த சாக்ஸை மடித்தேன், அவள் கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தாள்.

"நான் வாயத் தொறக்கல. என் பக்கம் வேண்டுதல் முறியல. நீ சின்னப் பிள்ளை. சின்னப் பிள்ளை மேல சாமி கோவிச்சுக்காதுன்னு நெனச்சேன்."

அறுபது வருஷம். அந்த அறை விழுந்த கன்னம் எனக்கு அப்போது மறுபடி எரிந்தது. அவள் சாகக் கிடக்கிறாள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"சாமி கோவிச்சுக்கலம்மா. நீதான் கோவிச்சுக்கிட்டே."

அவள் மூச்சு ஏறி இறங்கியது. பிறகு கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "பிள்ளை போயிடுச்சே. யார் மேலயாவது கோவப்படணும்ல?"

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய், வார்டுக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்காருங்கள் ஆன்ட்டி என்று ஒரு நர்ஸ் சொல்லும்வரை நடந்தேன். திரும்பிப் போனபோது அம்மா தூங்கிவிட்டாள். தம்பி கோப்பிப் பையைக் கையில் தொங்கவிட்டபடி நின்றிருந்தான். போர்வைக்கு வெளியே அவள் கால். நான் போட்ட குழி நிரம்பியிருந்தது. எத்தனை எண்ணிக்கையில் நிரம்பியது என்று எனக்குத் தெரியாது, நான்தான் எழுந்து போய்விட்டேனே. அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை. மறு வாரம் போய்விட்டாள்.

அந்தச் சின்னப்பெண் நர்ஸ் வருகிற சனிக்கிழமையும் வருகிறாளாம். என் பரிசோதனை அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாளாம். சரி, வருகிறேன். காலை நீட்டுகிறேன். உங்களில் யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் எண்ணி முடிக்கிறவரை விடாதீர்கள்.